அடுப்படி வேலை தொடங்கும் முன்னே

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் அடுப்படியைப் பற்றிப் பேசப் போகிறோம். சமையல் குறிப்பு இல்லீங்க. அதை உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டிய அவசியம் இல்லை. அடுப்படியை இடித்துக் கட்டுவது, மேடை போடுவது, டைல்ஸ் ஒட்டுவது, அதற்கு ஒரு கொத்தனாரையோ காண்ட்ராக்டரையோ பிடித்து வேலை வாங்குவது பற்றித்தான். "இதுல பேசுறதுக்கு என்ன இருக்கு?" என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. குழுக்களின் தீர்மான நோட்டைப் புரட்டினால் 'வீடு பராமரிப்பு' என்று எழுதி வாங்கிய கடன்கள் நிறைய இருக்கின்றன. என்ன பராமரிப்பு என்று கேட்டால் பல பேர் சொல்வது அடுப்படிதான். இருபது மாதம், இருபத்திநாலு மாதம் தவணை கட்டுகிற பணம். அந்தப் பணத்தில் கட்டிய அடுப்படியில் நிற்க முடியவில்லை, முதுகு வலிக்கிறது, புகை போகவில்லை என்று சொன்னால் அது பேச வேண்டிய விஷயம்தானே?

நம்ம பக்கத்து வீடுகளைப் பார்ப்போம். 2010-ல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-ல் வந்த பசுமை வீடு, 2016-ல் வந்த பிரதமர் ஊரக வீட்டுத் திட்டம் என்று குடிசையெல்லாம் காங்கிரீட் வீடாக மாறியது. நல்ல விஷயம். ஆனால் பல வீடுகளில் என்ன நடந்தது? உள்ளே 'கிச்சன்' என்று ஒரு மூலையைக் காட்டினார்கள். அங்கே விறகு எரித்தால் வீடு முழுக்கப் புகை. அதனால் பின்பக்கம் ஒரு கீற்றுச் சாய்ப்பு போட்டு நாம் அங்கே போய்விட்டோம். வீடு காங்கிரீட், அடுப்படி மட்டும் கீற்று. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கிப் பக்கம் முதலில் பறந்தது இந்தச் சாய்ப்புகள்தான். தென்னை சாய்ந்ததும் இவற்றின் மேல்தான். அதற்குப் பிறகு தகர ஷீட் போட்டோம். வெயில் காலத்தில் அதுக்குள்ளே நின்று குழம்பு கொதிக்க வைக்கிறவளும் சேர்ந்துதான் கொதிக்கிறாள்.

பிரதமர் வீட்டுத் திட்டத்தின் விதியிலேயே வீடு குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி இருக்க வேண்டும். அதில் சுகாதாரமாகச் சமைக்க ஒரு தனி இடமும் சேர வேண்டும் என்று இருக்கிறது. விதி இருக்கு. கட்டும்போது கொத்தனார் யாரிடம் கேட்கிறார்? "அண்ணே, அடுப்படி எங்க வைக்கலாம்?" என்று வீட்டுக்காரரிடம் கேட்கிறார். அவர் "எங்கயாச்சும் வைங்கப்பா" என்கிறார். அந்த அடுப்படியில் தினமும் நாலு மணி நேரம் நிற்கப் போகிறவள் அப்போது கொத்தனாருக்கு டீ போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அதனால் முதல் பேச்சு, அளவு. இப்போது எல்லோரும் எழுந்து நில்லுங்க. வெட்கப்படாதீங்க. நேராக நின்று, கையை மடக்கி, முழங்கையை உடம்போடு ஒட்டி வையுங்கள். தரையிலிருந்து முழங்கை வரைக்கும் எவ்வளவு? பக்கத்தில் இருப்பவர் டேப்பை வைத்துப் பாருங்கள். அதில் நாலு, அஞ்சு அங்குலம் கழித்தால் வருவதுதான் உங்களுக்கான மேடை உயரம். அஞ்சடி உயரம் உள்ள ஒருத்திக்கு 32, 33 அங்குலம் வரும். பல கொத்தனார்கள் மூணடி, அதாவது 36 அங்குலம் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். டவுன் வீட்டில் போட்ட கணக்கு அது. அந்த மேடை மேல் கேஸ் அடுப்பு அஞ்சு அங்குலம் ஏறும். அதுக்கு மேலே சோத்துக் குண்டான் உட்காரும். கொதிக்கிற கஞ்சியை நெஞ்சு உயரத்தில் தூக்கி வடிக்கிறோம். கை தவறினால் என்ன ஆகும்? ஆகவே அடுப்பு வைக்கிற இடத்தை மட்டும் மூணு, நாலு அங்குலம் தாழ்த்திப் போடச் சொல்லலாம். கொத்தனார் "மேடை ஒரே மட்டமா இருந்தாத்தான் அழகு" என்பார். அழகைப் பார்க்க வருகிறவர் அதில் வடிக்கப் போவதில்லை.

மாமியார், மருமகள் இருவரும் சமைக்கிற வீட்டில் யார் அளவு என்று ஒரு கேள்வி வரும். அதிக நேரம் நிற்பது யாரோ அவர் அளவு. அப்பத்தா உட்கார்ந்துதான் அரிவாள்மனையில் நறுக்குவார் என்றால், அவருக்குத் தரையில் கால் நீட்டி உட்கார மூன்றடி இடம் விட வேண்டும். எல்லாவற்றையும் மேடையாக்கி, அவர் வராந்தாவில் போய் உட்காரும்படி ஆக்க வேண்டாம். அம்மி, ஆட்டுக்கல் வைத்திருப்பவர்கள் அதற்கும் இடம் குறித்துக்கொள்ளுங்கள். பரண் போடுவார்கள். பொங்கல் பானையும் விசேஷத்துக்கு எடுக்கிற அண்டாவும் அங்கே போகட்டும். தினமும் எடுக்கிற உப்பு, புளி, பருப்பு கண் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. ஸ்டூல் போட்டு ஏறி விழுந்து இடுப்பு ஒடிந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் ஊரிலேயே விசாரியுங்கள்.

இரண்டாவது, புகையும் கேஸும். உஜ்வலா திட்டம் 2016-ல் வந்தது. அதற்கு முன்பே 2007-லிருந்து தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. ஆனாலும் சிலிண்டர் விலையைப் பார்த்து, வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சவும் நாம் இன்னும் முள்ளுக் கட்டையும் தைல மரக் கட்டையும் எரிக்கிறோம். இதைத் தப்பென்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டுக்குள் இப்படி விறகும் கரியும் எரிப்பதால் வரும் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். இருமல், மூச்சுத் திணறல், கண் எரிச்சல் என்று நாம் ஆஸ்பத்திரிக்குப் போவதும் இந்தக் கணக்கோடு சேர்ந்ததுதான்.

இதில் ஒன்றை மனதில் வைத்தால் போதும். புகை மேலே போகும், கேஸ் கீழே இறங்கும். புகை சூடானது, அதனால் எழும்பும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தவழ்ந்து போய் மூலையில் தேங்கும். ஆகவே உயரத்திலும் ஒரு திறப்பு வேண்டும், தரையை ஒட்டியும் ஒரு திறப்பு வேண்டும். சன்னல் ஒன்று வைத்தாச்சு என்று கொத்தனார் சொன்னால் போதாது. கூரை ஓரத்தில் காற்றுத் துளையும், கீழே பூனை நுழையாத அளவுக்குக் கம்பி வலை போட்ட ஓட்டையும் கேட்டு வாங்குங்கள். சிலிண்டரை மேடைக்குக் கீழே வைத்துக் கதவு போட்டு மூடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தக் கதவில் கீழே துளை இல்லாவிட்டால் கசிந்த கேஸ் அதுக்குள்ளேயே நிற்கும். சிலிண்டர் நிமிர்ந்து தரையில் நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் டியூப் ஒன்றரை மீட்டருக்குள் இருக்க வேண்டும், சுவருக்குள் புதைக்கக் கூடாது, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். கேஸ் வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை அணைத்து, கதவைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள்.

அக்னி மூலை பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால் அடுப்புக்கு நேர் எதிரே மேற்குப் பார்த்த சன்னல் இருந்தால் ஆடிக் காற்றில் அடுப்பு நிற்குமா என்று யோசியுங்கள். தீ அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

விறகு அடுப்பு வைப்பதென்றால் புகைப்போக்கியோடு வையுங்கள். புகையில்லா அடுப்பு புதுசு இல்லை. 1983-லிருந்து 2002 வரை மத்திய அரசு நாடு முழுக்க லட்சக்கணக்கில் போட்டுக் கொடுத்தது. அப்புறம் பல இடங்களில் ஏன் கைவிட்டார்கள்? குழாயில் கரி அடைத்தது, சுத்தம் செய்ய யாரும் சொல்லித்தரவில்லை, அடுப்பு வாய் நம்ம பானைக்குப் பொருந்தவில்லை. அதனால் குழாயைக் கழற்றித் துடைக்க வழி இருக்கிறதா, கூரைக்கு மேலே இரண்டு, மூன்று அடி எழும்பி நிற்கிறதா, நம் பானையை வைத்துப் பார்த்துத்தான் வாய் எடுத்தார்களா என்று கவனியுங்கள்.

இனி முக்கியமான பேச்சுக்கு வருகிறோம். பணம்.

கந்தர்வகோட்டைப் பக்கம் ஒரு சகோதரி. பேர் வேண்டாம். அறுபதாயிரத்துக்கு அடுப்படி வேலை பேசினார். பொருள், கூலி எல்லாம் சேர்த்துக் காண்ட்ராக்ட். "சிமெண்ட் விலை ஏறப்போவுது, மொத்தமா எடுத்துப் போட்டுடலாம்" என்று சொல்லி நாற்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கினார் அந்தக் காண்ட்ராக்டர். மறுநாளே ஆள் வந்து பழைய சுவரை இடித்தார்கள். அதற்குப் பிறகு வரவில்லை. போன் பண்ணினால் "நாளைக்கு வர்றோம் அக்கா". ஆவணியில் இடித்தது, ஐப்பசி மழையில் அந்தச் சகோதரி திண்ணையில் படுதா கட்டிச் சமைத்தார். கடைசியில் மிச்ச வேலைக்கு வேறு கொத்தனாரைப் பிடித்தார். அதற்குப் பணம்? வாரத் தவணைப் பைனான்சில் வாங்கினார். இப்போது குழுக் கடனும் கட்டுகிறார், பைனான்சும் கட்டுகிறார். அடுப்படிக்கு டைல்ஸ் இன்னும் ஒட்டவில்லை.

காண்ட்ராக்டர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்களும் நம்ம ஊர்க்காரர்கள், அண்ணன் தம்பி முறைதான். நடப்பது என்னவென்றால், ஒருவர் மூன்று வீட்டில் வேலை பிடிக்கிறார். முதல் வீட்டில் பணம் தீர்ந்துவிடுகிறது. இரண்டாவது வீட்டு அட்வான்சை எடுத்து முதல் வீட்டை முடிக்கிறார். மூன்றாவது வீட்டு அட்வான்சில் இரண்டாவது வீடு. கடைசியில் யார் வீட்டு அட்வான்ஸ் பெரிசாக இருந்ததோ அந்த வீட்டு வேலைதான் நிற்கும். ஏனென்றால் அங்கே வாங்க வேண்டிய பணம் கொஞ்சம்தான் பாக்கி. ஆள் எங்கே வருவார்? பணம் வர வேண்டிய வீட்டுக்குத்தான் வருவார். நாமும் கூலிக்குப் போகிறவர்கள்தான், இது நமக்குத் தெரியாததா?

ஆகவே பணம் வேலைக்குப் பின்னாலே நடக்க வேண்டும், முன்னாலே ஓடக் கூடாது. உதாரணமாக, பொருளை நாமே வாங்கிப் போட்டுக் கூலி மட்டும் முப்பதாயிரம் என்று பேசியிருக்கிறோம் என்று வையுங்கள். தொடங்கும்போது மூவாயிரம். சுவர் எழும்பியதும் எட்டாயிரம். பூச்சு முடிந்ததும் ஏழாயிரம். மேடை, சிங்க், டைல்ஸ் முடிந்ததும் இன்னொரு ஏழாயிரம். மிச்சம் அஞ்சாயிரத்தைப் பிடித்து வையுங்கள். பதினைந்து நாள் சமைத்துப் பார்த்து, சிங்க் தண்ணீர் சரியாகப் போகிறதா, தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் வாட்டம் பார்த்து வெளியே ஓடுகிறதா, சுவரில் ஓதம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். இதை நடுவில் சொன்னால் சண்டை வரும். முதல் நாளே சொல்லி எழுதிவிட்டால் வராது.

எழுதுவது என்றால் பத்திரம் இல்லை. ஒரு முழு வெள்ளைத்தாள் போதும். "அடுப்படி வேலை, மொத்தம் இவ்வளவு" என்று ஒரு வரி எழுதினால் பிரயோஜனம் இல்லை. அடுப்படி எட்டுக்குப் பத்து. மேடை பத்தடி நீளம், இரண்டடி அகலம், உயரம் 33 அங்குலம், அடுப்பு இடம் 29. மேலே கடப்பாக்கல்லா, கிரானைட்டா? டைல்ஸ் மேடைக்கு மேலே எத்தனை அடி? சன்னல் எந்தப் பக்கம், எந்த அளவு? பழைய சுவரை இடித்த கப்பியை யார் அள்ளுவது? இதுதான் எப்போதும் தகராறு. எந்தத் தேதிக்குள் முடிப்பது? இத்தனையும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, குழுவின் ஊக்குநரோ பிரதிநிதியோ சாட்சி போட்டால் போதும். ஒவ்வொரு தடவை பணம் கொடுக்கும்போதும் அதே தாளின் பின்பக்கம் தேதி, தொகை, அவர் கையெழுத்து. "என்ன அத்தாச்சி, என்னய நம்பமாட்டீங்களா?" என்று கேட்பார்கள். "நம்புறதாலதான் தம்பி எழுதுறோம், எங்க குழுவுல பத்து ரூபா வாங்குனாலும் எழுதித்தான் பழக்கம்" என்று சொல்லுங்கள். அது உண்மைதானே?

இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு அளவும் கணக்கும் புதுசு இல்லை. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஷீலா ராணி சுங்கத் அவர்கள் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்துப் படித்தார்கள், சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அதே காலத்தில் கல் குவாரியில் கூலிக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். காண்ட்ராக்டர் சொன்ன கணக்குக்குத் தலையாட்டியவர்கள் சொந்தக் கணக்கைத் தாங்களே பார்த்தார்கள். உங்களில் சிலருடைய அம்மா, அத்தை அதில் இருந்திருப்பார்கள். லாரி லாரியாகக் கல் ஏற்றிவிட்டவர்களின் பிள்ளைகள் பத்தடி மேடைக்கு அளவு பிடிக்க யோசிக்கலாமா?

பொருள் வாங்கும்போது சிலது மட்டும் சொல்கிறோம். ஒரு யூனிட் ஜல்லி, ஒரு யூனிட் எம்-சாண்ட் என்றால் நூறு கன அடி. கொட்டுவதற்கு முன்னே வண்டியின் பெட்டியை நீளம், அகலம், உயரம் அளந்து பெருக்கிப் பாருங்கள். சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரம், வருஷம் அச்சடித்திருக்கும். மூணு மாசத்துக்கு மேல் பழசு என்றால் வேண்டாம். செங்கல்லை நனைத்துத்தான் கட்ட வேண்டும். கட்டின சுவருக்கும் பூச்சுக்கும் ஏழு நாளாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். இது நம்ம தலையில்தான் விழும், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊற்றுங்கள், சலிக்காதீர்கள். மிக்சி, கிரைண்டருக்குப் பிளக் பாயிண்ட் சிங்கிலிருந்து தள்ளி இருக்கட்டும். ஈரக் கையோடு தொடுகிற இடம் அது. எர்த் கம்பி இல்லாமல் வயரிங் முடிக்க விடாதீர்கள்.

கலவையில் சிமெண்ட் குறைகிறதா என்று எப்படித் தெரியும்? சித்தாளைக் கேளுங்கள். எத்தனை சட்டிக்கு எத்தனை சட்டி என்று தலையில் சுமப்பவளுக்குத்தான் தெரியும். இந்தக் கூட்டத்திலேயே சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். இவ்வளவு பேர்! பத்து வருஷம், பதினைந்து வருஷம் கலவை சுமந்தும் கரண்டி கைக்கு வரவில்லை. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் கட்டுமானக் குழுவாகவே சேர்ந்து வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். நம் கூட்டமைப்பில் கொத்தனார் பயிற்சி கேட்டுத் தீர்மானம் போட வேண்டும் என்பது எங்கள் யோசனை. அதற்கு முன்னே, கை தூக்கியவர்கள் எல்லோரும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. பதிவு இல்லாதவர்கள் இன்றைக்கே ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் முதல் மாதம் ஐந்நூறு. அதையே வெளியில் அஞ்சு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் இரண்டாயிரத்து ஐந்நூறு. அடுப்படி வேலை பாதியில் நிற்கும்போதுதான் நாம் வெளியே போகிறோம். அதனால் கணக்குப் போட்டு வரும் தொகைக்கு மேலே பத்துக்கு ஒன்று கூடுதலாகச் சேர்த்துக் குழுவில் கேளுங்கள். அது முடியாது என்றால் வேலையைக் குறையுங்கள். இந்த வருஷம் புகைப்போக்கியும் மேடையும் சன்னலும். டைல்ஸ் அடுத்த வருஷம். டைல்ஸ் இல்லாமல் சமைக்கலாம், காற்று இல்லாமல் முடியாது. குழுவும் கடன் கொடுக்கும்போது ஒரே தடவையில் கொடுக்காமல், வேலை நடப்பதைப் போய்ப் பார்த்து இரண்டு தவணையாகக் கொடுக்கலாம். அப்போது காண்ட்ராக்டரிடம் "குழுவுலேர்ந்து இன்னும் பணம் வரலீங்க" என்று சொல்லவும் வசதி.

இத்தனைக்குப் பிறகும் வேலையைப் போட்டுவிட்டுப் போனால்? முதலில் குழுவாக நாலு பேர் போய்ப் பேசுங்கள். தனியாகப் போகாதீர்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். காசு வாங்கிக்கொண்டு வேலை செய்து கொடுப்பதும் சேவைதான், அதில் குறை இருந்தால் கேட்க நமக்கு உரிமை உண்டு. அஞ்சு லட்சம் ரூபாய் வரையுள்ள வேலைக்கு மனுக் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணில் போன் பண்ணியும் விவரம் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. எங்கே போனாலும் முதலில் கேட்பது "எழுதினது ஏதாச்சும் இருக்கா?" என்றுதான். அந்தக் கந்தர்வகோட்டைச் சகோதரியிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

மாதிரி ஒப்பந்தத் தாள் ஒன்று தயார் செய்து நகல் எடுத்து வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். அளவு, பொருள், தேதி, தவணை எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருக்கிறது. குழுவுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், எழுதத் தெரியாதவர்களுக்குப் பிரதிநிதி நிரப்பிக் கொடுக்கட்டும். அளவு டேப்பைக் குழுவுக்கு ஒன்று பொதுச் செலவில் வாங்கலாம் என்று நிர்வாகிகள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் அடுப்படிக் கடன் கேட்கப் போகிறவர்கள், வீட்டில் முழங்கை அளவை எடுத்து அந்தத் தாளில் எழுதிக்கொண்டே கூட்டத்துக்கு வாருங்கள்.